"உன் கோடு எப்படி கீது?" – சவரி டாக்டரின் நினைவாக

செய்தி வந்தபோது நான் கடை வாசலில் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னும் திறக்காத ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாள் பார்த்தால் ஆளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் அப்படி நினைப்பதில்லை. போன் அடித்தது. எர்ணாவூர் முனுசாமி. "பாலு நைனா, சவரி டாக்டர் போய்ட்டாரு. காத்தால அவங்க வூட்டம்மா எயுப்பியிருக்காங்கோ, எந்திரிக்கல" என்றார். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். கண்ணிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது.

டாக்டர் சவரிராயனை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் கண் டாக்டராகி, என் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு கண் மருத்துவமனை வைத்தார். நான் கீழே மருந்து விற்றேன், அவர் மேலே சீட்டு எழுதினார். எங்கள் இருவருக்கும் தலை நரைத்ததும் அங்கேதான். நினைவஞ்சலி என்றால் இறந்தவர்கள் எல்லாரும் மகான்களாகிவிடுகிறார்கள். இவர் மகான் இல்லை. காத்திருப்பவர்கள் நடுவே என்னைக் கிண்டல் செய்வதில் அவருக்கு அலாதி பிரியம். என் தலை வழுக்கையைப் பற்றி அவர் சொன்னவை இங்கே எழுதத் தக்கவை அல்ல.

எங்களுக்குள் முதல் சண்டை ஓர் அட்டையால் வந்தது. கண்ணுக்குச் சத்து மாத்திரை விற்கும் கம்பெனி ஆள் ஒருவர், பெரிய கண் படம் போட்ட பளபளப்பான அட்டையை என் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வியாபாரம் சூடு பிடித்தது. ஊசியில் நூல் கோக்க முடியாதவர், புரை விழுந்தவர், டிவி பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறவர் என்று எல்லாரும் வாங்கினார்கள். டாக்டர் படியிறங்கி வந்து அட்டையைக் கொஞ்ச நேரம் ரசித்தார். "படம் நல்லா கீது. எடுத்துடு" என்றார். நான் மருந்துக்கடைக்காரன், சாமியார் இல்லை என்றேன். "மிட்டாய் வித்துக்கோ பாலு, நா கேக்க மாட்டேன். கண்ணு வரும்னு சொல்லி விக்காத" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அட்டையை எடுத்துவிட்டேன்.

அந்த மாத்திரை யாருக்கு என்று அன்று மாலை டீ குடித்துக்கொண்டே சொன்னார். வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் தேயும். வாசல் தெரியும், வாசலில் நிற்பவர் முகம் தெரியாது. தெரு தெரியும், பஸ் நம்பர் தெரியாது. விழித்திரையில் துத்தநாகம் நிறைய இருக்கிறது. அதையும், கூடவே கொஞ்சம் செம்பையும், சில வைட்டமின்களையும், கீரையில் உள்ள மஞ்சள் சத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தத் தேய்வு சிலருக்குச் சற்று மெதுவாகும். அந்தச் சிலர் யார் என்பதில்தான் விஷயம். நோய் நடுக்கட்டத்தில் இருப்பவர்கள், அல்லது ஒரு கண் போய் இன்னொன்று மிஞ்சியிருப்பவர்கள். மற்றவர்களுக்கு அது வெறும் மாத்திரை. புரைக்கு ஆபரேஷன்தான், வேறு வழி இல்லை. பீடி, சிகரெட்டை விடுவது இந்த மாத்திரையைவிடப் பெரிய வைத்தியம். இவ்வளவையும் சொல்லிவிட்டு டீக்கு என்னையே காசு கொடுக்க வைத்தார்.

முனுசாமி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. எர்ணாவூரில் இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறையில், உருகிய துத்தநாகத் தொட்டி ஓரத்தில் நின்றே வயதானவர். இடது கண்ணின் நடுப்பார்வை போன பிறகுதான் வந்தார். அதில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வலது கண் நடுக்கட்டத்தில் இருந்தது. அந்த ஒரு கண்தான் அவருடைய சொத்து. அது நிற்குமா என்பதுதான் கேள்வி. டாக்டர் மாத்திரை எழுதினார். சீட்டோடு கீழே வந்த முனுசாமி, மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். துத்தநாகம் என்றேன். வாங்காமல் மறுபடி மாடியேறினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

"இன்னா டாக்டரே, ஜிங்க்கு மாத்திரையா? பையனா இருந்தப்பலேர்ந்து நா அத்தத்தான் மூச்சா இஸ்துகினு கீறேன். எனக்கே ஜிங்க்கு குடுக்கிறியே" என்றார் முனுசாமி. டாக்டர் சிரிக்கவில்லை. லீவு முடிந்து திங்கட்கிழமை தொட்டியாண்டை போனால் ராத்திரி குளிர் ஜுரம் வருமா என்று கேட்டார். வரும், பால் குடித்தால் மறுநாள் போய்விடும், பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் குடிப்பார்கள் என்றார் முனுசாமி. "பொகையா போனது ஜுரமா வெளிய வந்துடுச்சி. கண்ணுக்கு வரல. கண்ணுக்குப் போணும்னா வவுத்து வயியா போணும்" என்றார் டாக்டர். இது முழு உண்மை இல்லை என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். புகையிலும் கொஞ்சம் இரத்தத்தில் சேரும், ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட முடியாதாம். அதையெல்லாம் விளக்கினால் முனுசாமி ஜுரத்தையே மருந்து என்று நம்பிவிடுவார் என்று பயந்திருக்கிறார்.

போன கண் வருமா என்று முனுசாமி கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். டாக்டர் எல்லாருக்கும் சொல்லும் பதிலையே சொன்னார். "கடலாண்ட கல்லு கொட்டி வெச்சிக்கிறாங்களே, அந்தக் கல்லு போன தெருவ திருப்பிக் குடுத்துச்சா? இல்ல. நிக்கிற தெருவ காப்பாத்திகினு கீது. அதுவும் முடிஞ்ச வரைக்கும். இந்த மாத்திரையும் அவ்ளோதான்." கடல் வீட்டைத் தின்று பார்த்த ஜனங்கள் நாங்கள். இதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. முனுசாமி மாத்திரை வாங்கிக்கொண்டார், பீடியையும் விட்டார்.

விட்டவர் அதோடு நிற்கவில்லை. பட்டறைக்காரர் புத்தி வேலை செய்தது. கடலோரம் போகிற குழாயைத் தொட்டியில் கூடுதல் நேரம் விட்டு எடுப்பார்கள், பூச்சு கனமாக ஏறும், உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்காது. கண்ணும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டார். என்னிடம் வாங்கிய மாத்திரை போதாதென்று, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் வெறும் துத்தநாக மாத்திரையை எர்ணாவூரில் வேறு கடையில் வாங்கி, வேளைக்கு இரண்டு மூன்றாகப் பல மாதம் விழுங்கியிருக்கிறார். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கால் மரத்துப்போகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறெங்கோ காட்டி இரும்புச்சத்து டானிக் குடித்தும் பலனில்லை. ஒரு நாள் கண் பார்க்கும்போது டாக்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெளுத்திருந்தது. விசாரித்து, விசாரித்து, கடைசியில் குழாய்க் கதை வெளியே வந்தது. இரத்தத்தில் செம்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. "ரெண்டும் ஒரே வாசல்ல ஏறுற பசங்க. ஜிங்க்கு கும்பலா வந்து நின்னா செம்பு பிளாட்பாரத்துலயே நின்னுக்கும். நம்ம கும்மிடிப்பூண்டி வண்டி மாதிரி" என்றார். செம்பு குறைந்தால் இரத்தம் ஊறாது, நரம்பும் கெடும். அதனால்தான் கண் மாத்திரையில் ஒரு சிட்டிகை செம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். கூடுதல் மாத்திரையை நிறுத்தி, செம்பு கொடுத்து, ஆள் மெல்லத் தேறினார். இரத்தம் பழையபடி ஊறியது. கால் மரப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை. அன்று முதல் டாக்டர் யாருக்கு மாத்திரை எழுதினாலும், என்ன தொழில் என்று முதலில் கேட்டார்.

மாத்திரை நோயை மெதுவாக்கலாம், நிறுத்தாது. தேய்ந்த இடத்தில் திடீரென்று நீர் கசிய ஆரம்பித்தால் நேர்க்கோடு வளைந்து தெரியும். தெரிந்த உடனே கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப் போட்டால் தழும்பாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கட்டம் போட்ட தாள் ஒன்று உண்டு. ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் தினமும் பார்க்க வேண்டும். டாக்டர் ஆரம்பத்தில் எல்லாருக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார். ராயபுரத்தில் ஒரு வீட்டில் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, படத்துக்குப் போட்ட பூவிலேயே கொஞ்சம் கிள்ளி அதற்கும் வைத்திருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் கும்பிட்டார்கள். அதைக் கண்ட பிறகு தாள் கொடுப்பதை விட்டுவிட்டார். பதிலாக, தினமும் காலையில் கண்ணில் படுகிற நேரான பொருள் ஒன்றை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றார். மீன் ஏலம் எடுக்கும் அம்மாவுக்குப் பனிக்கட்டிப் பெட்டியின் விளிம்பு. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவருக்கு ஜன்னல் கம்பி. முனுசாமிக்கு எதிர் பிளாக் மொட்டைமாடிச் சுவர். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் அவர் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "உன் கோடு எப்படி கீது?" என்றுதான் கேட்பார். நீங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தான்.

ஒரு காலை முனுசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். மரத்த காலோடு அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். "மொட்ட மாடி பாம்பு மாதிரி வளஞ்சி கீது டாக்டரே" என்றார். வலது கண்ணில், அந்த ஒரே கண்ணில். டாக்டர் காத்திருந்தவர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே பெரிய மருத்துவமனைக்குப் போனார். ஊசி போட்டார்கள். பிறகும் பல தடவை போட வேண்டியிருந்தது. கண் நின்றது. முன்பு போல இல்லை, ஆனால் எதிரில் வருகிறவர் யார் என்று தெரியும். பெண்டாட்டி முகம் தெரிவது வரமா சாபமா என்று முனுசாமி கேட்பார், அவர் மனைவியை வைத்துக்கொண்டே.

இனி ஷட்டர் கதை. தினமும் காலையில் டாக்டர் மாடியேறும் முன், மூடியிருக்கும் என் கடைக்கு எதிரே ஒரு நிமிஷம் நிற்பார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு முறைப்பார். நான் நேரத்துக்குக் கடை திறக்கிறேனா என்று சோதிக்கிறார் என்றே பல நாள் நினைத்தேன். பதிலுக்கு நானும் வேண்டுமென்றே மெதுவாக வந்தேன். ஒரு நாள் லோடு வண்டி ஒன்று பின்னால் வந்து ஷட்டரில் இடித்து, நடுவில் நாலைந்து பட்டைகள் நெளிந்துவிட்டன. எனக்கு அது ஒரு விஷயமே இல்லை, ஏறி இறங்கினால் போதும். டாக்டர் பார்த்தார். குரலை உயர்த்தி நான் கேட்டேயிராத மனிதர், நடுத்தெருவில் என்னைப் பார்த்துக் கத்தினார். இன்றைக்கே மாற்று என்றார். என் ஷட்டர் நெளிந்தால் உங்களுக்கு என்ன பேஜாரு என்று நானும் கத்தினேன்.

அவர் கொஞ்சம் தணிந்து, "அது வளைஞ்சி கெடந்தா, என் கண்ணுல எது வளைஞ்சதுன்னு எனக்கு எப்படி தெரியும் பாலு?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. ஒரு பேஷண்டுக்கு என்று சொல்லி மாதாமாதம் என்னிடம் அவர் வாங்கிய மாத்திரை யாருக்கு என்பதும், கண் ஆபரேஷன் செய்வதை வயதைக் காரணம் சொல்லி ஏன் நிறுத்தினார் என்பதும். இரண்டு கண்ணிலும் நடுக்கட்டம். நெற்றியில் வைத்த கை ஒரு கண்ணை மறைத்த கை. ஊரையே கோடு தேர்ந்துகொள்ளச் சொன்னவர் தனக்கு என் ஷட்டரைத் தேர்ந்திருந்தார். முழுக்க நேர்க்கோடுகள், நடுவில் உற்றுப் பார்க்க ஒரு பூட்டு. இதைவிட நல்லது இந்தத் தெருவில் கிடையாது என்றார். மறுநாள் புதுப் பட்டைகள் போட்டேன். நானும் அறுபதைத் தொட்டிருந்தேன். என் கண்ணையும் பார்த்து, ஆரம்பம்தான், உனக்கு மாத்திரை வேண்டாம், கோடு போதும் என்றார். அதன் பிறகு காலையில் ஷட்டர் முன் இரண்டு பேராக நின்றோம். தெரு முதலில் சிரித்தது, பிறகு பழகிவிட்டது.

போன வருடம் மழை விட்ட ஒரு காலையில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். வலது கையை எடுத்தார், இடது கையை வைத்தார். மறுபடி மாற்றினார். பிறகு, பஸ் போய்விட்டதா என்று கேட்கும் குரலில் என்னைக் கேட்டார்.

"பாலு, நேத்து எவனாவது ஷட்டர்ல இடிச்சானா?"

நான் ஷட்டரைப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இடித்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இல்லை டாக்டர் என்றேன். தலையாட்டினார். மாடியில் காத்திருந்த இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிட்டு வருகிறேன் என்றார். அவசரம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் இப்படிச் செய்யலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் முனுசாமிக்குப் போன் செய்தேன். ஊசி போடும் அந்தப் பெரிய மருத்துவமனையில் எந்த மாடி, எந்த அறை, எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் ஆட்டோவோடு வந்து, மாடியேறி, டாக்டரின் கையைப் பிடித்தார். "வா டாக்டரே, ஊசி வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார். டாக்டர் அவரிடம் முன்பு சொன்ன அதே பொய் அது. டாக்டர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

ஊசி போட்டும், வளைந்து தெரிந்த அந்தக் கண்ணில் பாதிப் பார்வைதான் நின்றது. அதன் பிறகு அவர் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் ராயபுரத்திலிருந்து காலையில் வருவார், ஷட்டரைப் பார்ப்பார், என் கடை ஸ்டூலில் குந்தி, வருகிறவர்களிடம் கோடு விசாரிப்பார். அவர் கண்ணைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதயம். கண் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்கு அவரை நினைத்தால் அழுகை வரவில்லை, ஸ்டூலைப் பார்த்தால் வருகிறது.

கல்லறையில் கூட்டம் இருந்தது. பங்குச் சாமியார் ஜெபம் முடித்து, பெட்டியை இறக்கப் போகும் நேரம். முனுசாமி முன்னால் போய் நின்றார். எல்லாரும் குனிந்திருந்தபோது அவர் மட்டும் பார்வை போன இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் பெட்டியின் விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். டாக்டரின் மனைவி அதைக் கவனித்தார். அவருக்கு விளங்கியிருக்கும். "நேராத்தான் கீது டாக்டரே" என்றார் முனுசாமி, பக்கத்தில் நின்றவருக்குச் சொல்வதுபோல. பிறகு மண் போட்டார்கள்.

என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது, கருவிகள் யாருக்கோ போய்விட்டன. எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி மட்டும். மருந்து வாங்க வருகிற பழைய ஆட்களிடம் நான் கேட்கிறேன். எனக்குக் கண்ணைப் பற்றி டாக்டருக்குத் தெரிந்ததில் கால்வாசியும் தெரியாது. வளைந்தது என்று யாராவது சொன்னால் எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரியும். அது போதும் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார், கூடவே என் வழுக்கையைப் பற்றியும் ஏதாவது.

அடக்கத்துக்கு மறுநாள் காலை கடைக்கு வந்தேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்க்க ஒரு மாதிரி இருந்ததால், சாவியை எடுத்து நேரே பூட்டருகே போனேன். அப்போது முனுசாமி போன் செய்தார். மொட்டைமாடியைப் பார்த்துவிட்டாராம். "என்து நேராத்தான் கீது நைனா. உன்து?" என்றார்.

இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லு. நா லைன்லயே கீறேன்" என்றார்.

நான் சாவியைப் பையில் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கி, டாக்டர் நிற்கும் இடத்தில் நின்று, கையைத் தூக்கினேன்.